டிஜியம் டிடிஎம்410பி அனலாக் கார்டு: லாரி ஆபீஸ்ல நாலு வருஷம் ஓட்டினப்புறம் எழுதுறேன்

லேண்ட்லைன்லாம் யாருங்க இப்ப வச்சிருக்காங்கன்னு கேக்கறவங்க ஒரு நாள் காலைல பத்து மணிக்கு சங்ககிரில ஏதாவது ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்ல போயி உக்காந்து பாக்கணும், மூணு லைனும் மாத்தி மாத்தி அடிச்சிட்டே இருக்கும். நான் வேலை செஞ்சு குடுத்த ஆபீஸும் அப்படித்தான். முதலாளி முதல் நாளே தெளிவா சொல்லிட்டாரு. "தம்பி, இந்த மூணு நம்பரும் எங்கப்பா காலத்துல இருந்து இருக்குதுங்க, வண்டி பாடில எழுதியிருக்குது, பில் புக்குல அடிச்சிருக்குது, நம்பரை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க. ஆனா நான் மாடில இருந்தாலும் எடுக்கோணும், பின்னாடி செட்டுல இருந்தாலும் எடுக்கோணும், யாரு எப்ப கூப்பிட்டாங்கங்கற கணக்கும் வேணும்."

ஆபீஸ் மேசைக்கு ஐபி போன் (நெட்வொர்க் வயர்ல ஓடற போன்), மாடிக்கு ஒண்ணு, அவரு செல்போன்ல ஒரு ஆப், இதெல்லாம் ஆஸ்டரிஸ்க் (கம்ப்யூட்டரையே போன் எக்ஸ்சேஞ்சா மாத்தற சாஃப்ட்வேர்) போட்டா முடிஞ்சிடும். கஷ்டம் எங்கன்னா அந்த மூணு செம்புக் கம்பி ஜோடியைக் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுவர்றதுலதான். அதுக்குப் போட்டதுதான் இந்தக் கார்டு. முதல்ல வேற ஒரு விலை கம்மி கார்டு போட்டு எட்டு மாசம் அவஸ்தைப்பட்டோம், பேர் வேண்டாம், அப்புறம்தான் இதுக்கு மாறினோம். அதனால நான் சொல்றது எல்லாம் ஒரே இடத்துல ஒரே லைன்ல ரெண்டையும் வச்சுப் பாத்த பேச்சு.

கார்டு என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். பாதி நீள பிசிஐ கார்டு, அதாவது மதர்போர்டுல இருக்கற பழைய ரக ஸ்லாட்ல சொருகறது, 3.3 வோல்ட் ஸ்லாட்லயும் உக்காரும் 5 வோல்ட் ஸ்லாட்லயும் உக்காரும், பின்பக்கம் நாலு ஆர்ஜே11 ஜாக். கார்டு மட்டும் வாங்கினா அது வெறும் பலகைதான், மேல நாலு இடம் காலியா இருக்கும், அதுல நமக்கு வேணுங்கற மாட்யூலை சொருகணும். சிவப்பு மாட்யூல் எக்ஸ்100எம், எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வர்ற லைனை வாங்கிக்கறதுக்கு, அதாவது எஃப்எக்ஸ்ஓ. பச்சை மாட்யூல் எஸ்110எம், சாதா போனுக்கு நாமளே லைன் குடுக்கறதுக்கு, அது எஃப்எக்ஸ்எஸ். எங்களுக்கு மூணு சிவப்பு ஒரு பச்சை, அளவெடுத்துத் தச்ச மாதிரி நாலு இடமும் நிறைஞ்சிடுச்சு. புதுசா செய்யறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது குழம்பற இடம் ஒண்ணு இருக்கு, செட்டிங் வைக்கற கான்ஃபிக் ஃபைல்ல எழுதும்போது சிவப்பு போர்ட்டுக்கு எஃப்எக்ஸ்எஸ் சிக்னலிங்குன்னும் பச்சை போர்ட்டுக்கு எஃப்எக்ஸ்ஓ சிக்னலிங்குன்னும் மாத்தித்தான் எழுதணும், ஏன்னா சிவப்பு போர்ட் ஒரு போன் மாதிரி நடந்துக்குது, எதிர்ல இருக்கற எக்ஸ்சேஞ்சோட அந்தப் பேச்சைத்தான் பேசணும். இது தெரியாம நான் ஒரு முழு ராத்திரி உக்காந்திருக்கேன்.

இன்னொண்ணு, இது முக்கியம், எக்ஸ்சேஞ்ச் லைனைத் தெரியாம பச்சை போர்ட்ல சொருகிடாதீங்க. ரெண்டு பக்கமும் 48 வோல்ட் தள்ளுற இடம், மேல மணி அடிச்சா இன்னும் வோல்டேஜ் ஏறும், மாட்யூல் செத்துப்போக வாய்ப்பு ரொம்ப அதிகம். நான் ஜாக் மேலயே சிவப்பு நெயில் பாலிஷ் பச்சை நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வச்சு விட்டிருக்கேன், கூட்டறவங்க வயரைப் புடுங்கிட்டுத் திருப்பி மாட்டினாலும் தப்பாகாது.

பச்சை மாட்யூல் போட்டீங்கன்னா கார்டுக்குத் தனியா 12 வோல்ட் குடுக்கணும். பழைய ஹார்ட் டிஸ்குக்குப் போற நாலு பின் மோலெக்ஸ் இருக்குல்ல, அதேதான். பிசிஐ ஸ்லாட்ல வர்ற கரண்ட் போன் மணி அடிக்கப் பத்தாது, அந்த 12 வோல்ட்டை மாட்யூல் மேலயே இருக்கற சர்க்யூட் ஏத்தி லைனுக்கு வேண்டிய வோல்டேஜும் மணி அடிக்கற வோல்டேஜும் பண்ணிக்குது. மோலெக்ஸ் சொருக மறந்துட்டா கார்டை ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர் லோட் ஆகும்போது அது எழுதற குறிப்புல, அதாவது லாக்ல, ஹார்ட் டிஸ்க் பவர் கேபிளைக் கார்டுல மாட்டினீங்களான்னு அதுவே கேக்கும், கொட்டை எழுத்துல கேக்கும். அந்த வரியை எழுதின ஆளுக்கு நான் நிஜமாவே நன்றி சொல்றேன், ஏன்னா அது இல்லேன்னா மாட்யூல் போச்சுன்னு நெனச்சுக் கழட்டியிருப்பேன். இப்ப வர்ற எஸ்எம்பிஎஸ்ல மோலெக்ஸ் ஒண்ணோ ரெண்டோதான் இருக்கு, சாட்டா வயர்ல இருந்து மாத்தற அடாப்டர் ஒண்ணு கையில வச்சுக்கங்க.

அந்தப் பச்சை போர்ட் போற இடம் பின்னாடி செட். டயர் மாத்தற இடம், ஏர் கம்ப்ரசர் ஓடிட்டே இருக்கும், அங்க ஐபி போன் வச்சா தூசில ஆறு மாசம் தாங்காது. அதனால பழைய பட்டன் போன், உள்ள நிஜமான பித்தளை மணி இருக்கற மாடல், அதையே வச்சிருந்தாங்க. கார்டு போட்ட முதல் நாள் கூப்பிட்டுப் பாத்தா மணி அடிக்குது ஆனா முனகற மாதிரி ஒரு சத்தம், உள்ள இருக்கற சுத்தியல் சுருதியா அடிக்கல. செட்ல இருந்த மெக்கானிக் அண்ணன், "என்னப்பா, போனுக்கு சளி புடிச்சிருக்கா"ன்னு கேட்டாரு. விஷயம் என்னன்னா அமெரிக்காவுல மணிக்கு 20 ஹெர்ட்ஸ், நம்ம ஊர்ல 25 ஹெர்ட்ஸ், அந்த மணியோட சுத்தி 25-க்குன்னே செஞ்சது. கார்டு அமெரிக்காக்காரன் கார்டு, சும்மா விட்டா 20-லதான் அடிக்கும். டிரைவர்ல ஃபாஸ்ட்ரிங்கர்னு ஒரு ஆப்ஷன், அதை 1-னு போட்டா 25 ஹெர்ட்ஸ் ஆயிடும், கூடவே பூஸ்ட்ரிங்கர்னு இன்னொண்ணு, அது மணி வோல்டேஜை உச்சம் 89 வோல்ட் வரைக்கும் ஏத்தும். ரெண்டும் போட்டு டிரைவரைத் திருப்பி லோட் பண்ணி கூப்பிட்டேன், கம்ப்ரசர் ஓடும்போதே ரோடு வரைக்கும் கேட்டுச்சு. ஒரு கார்டு இந்த அளவுக்கு எறங்கி வந்து வேலை செய்யறதுதான் எனக்குப் புடிச்சது, ரெண்டு வார்த்தை மாத்தினா நாப்பது வருஷத்து மணியோட ஒத்துப்போகுது.

இப்ப எக்கோ. இந்த ரிவ்யூ எழுதறதே இதுக்காகத்தான்னு வச்சுக்கங்க.

பழைய கார்டு இருந்தப்ப முதலாளி ஒரு வாரத்துலயே கூப்பிட்டாரு, "தம்பி, நான் பேசறது எனக்கே திரும்பி வருதுங்க, நாமக்கல் பார்ட்டிகிட்ட ரேட்டு சொன்னா நானே எனக்கு ரேட்டு சொல்ற மாதிரி இருக்குது." சாதா போன்ல பேசினப்ப இல்லாத எக்கோ இப்ப எங்க இருந்து வந்துச்சுன்னு அவருக்குக் கோவம், நியாயம்தான். ஆனா உண்மைல அந்த எக்கோ எப்பவுமே அங்கதான் இருந்துச்சு. லேண்ட்லைன்ல போற குரலும் வர்ற குரலும் ஒரே ஜோடிக் கம்பிலதான் ஓடுது, கார்டுக்குள்ள வந்ததும் அதை ரெண்டாப் பிரிக்கணும், போறது தனி, வர்றது தனி. பிரிக்கற சர்க்யூட்டுக்கு ஹைப்ரிட்னு பேரு. லைனோட இம்பிடன்ஸும் (சிக்னலுக்கு அது காட்டற தடை) சர்க்யூட்டோட இம்பிடன்ஸும் அப்படியே பொருந்தினா சுத்தமா பிரியும், ஆனா புஸ்தகத்துல 600 ஓம்னு இருக்கும், சங்ககிரில மண்ணுக்குள்ள ஈரத்துல நாலு இடத்துல ஜாயிண்ட் போட்ட கேபிள் 600 ஓமா இருக்குமா சொல்லுங்க. பொருந்தாத பங்கு திரும்பி வந்துடும். பழைய போன்ல அது உடனே காதுக்கு வந்துடறதால எக்கோவாத் தெரியாது, பேசும்போது நம்ம குரல் ரிசீவர்ல லேசா கேக்குமே, அதோட அதா கலந்துடும். ஐபி போன் வந்ததும் பேச்சை 20 மில்லிசெகண்ட் துண்டு துண்டா வெட்டி அனுப்பறோம், அங்க கொஞ்சம் பஃபர்னு சேத்து வைக்கறது, இங்க கொஞ்சம் பஃபர், திரும்பி வர்றதுக்குள்ள நேரம் ஆயிடுது, அந்தத் தாமதம்தான் இருந்த எக்கோவைக் காதுக்குக் காட்டிக்குடுக்குது.

இதை சாஃப்ட்வேர்லயே அடக்கலாம், முடியாதுன்னு சொல்ல மாட்டேன். எம்ஜி2-னு ஒண்ணு டாடி (DAHDI, ஆஸ்டரிஸ்க்கையும் கார்டையும் இணைக்கற டிரைவர் தொகுப்பு) டிரைவரோடயே வருது, டேவிட் ரோன்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் 2007-ல எழுதின ஓஸ்லெக் அதைவிட நல்லாவே இருக்கும், பழைய கார்டுல அதைப் போட்டுதான் கொஞ்ச நாள் ஓட்டினேன். ஆனா கால் எடுத்ததும் முதல் ரெண்டு மூணு வார்த்தை எக்கோ அடிச்சிட்டுத்தான் அடங்கும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா தடுமாறும், லாரி ஆபீஸ்ல யாரு ஒருத்தர் முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் காத்திருக்கப் போறாங்க. டிடிஎம்410பி மேல விபிஎம்ஏடிடி032-னு ஒரு சின்னக் குட்டி போர்டு தனியா மாட்டிக்கலாம், எக்கோ அடக்கறதுக்குன்னே இருக்கற ப்ராசசர் அதுல இருக்கு, 128 மில்லிசெகண்ட் வரைக்கும் திரும்பி வர்ற எக்கோவைப் புடிக்கும், நாலு லைனும் ஒண்ணா ஓடினாலும் கம்ப்யூட்டர் ப்ராசசருக்கு சுமையே இல்ல. செகண்டுக்கு 8000 சாம்பிள் கணக்குல பாத்தா 1024 சாம்பிள் நீளம் அது. மாட்டின அன்னைக்கு முதலாளியை மாடிக்கு அனுப்பி நான் வெளிய போயி லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டேன், ரெண்டு நிமிஷம் வேணும்னே அவரு பேச்சுக்கு நடுவுல பேசிட்டே இருந்தேன். அவரு எதுவுமே சொல்லல, டீசல் விலையைப் பத்தி சாதாரணமாப் பேசிட்டு வச்சிட்டாரு. எக்கோ போயிடுச்சுங்கறதுக்கு அதைவிட வேற அத்தாட்சி எனக்கு வேண்டாம்.

அதனால திரும்பத் திரும்ப சொல்றேன், இந்தக் கார்டை எக்கோ குட்டி போர்டு இல்லாம வாங்காதீங்க. காசு மிச்சம்னு நெனச்சு வெறும் கார்டு வாங்கினா கடைசில அந்தக் காசுக்கு மேல நம்ம நேரம் போயிடும்.

குட்டி போர்டு இருந்தாலும் எஃப்எக்ஸ்ஓட்யூன்னு ஒரு கட்டளை இருக்கு, அதை ஒரு தடவை கண்டிப்பா ஓட்டுங்க. சிவப்பு மாட்யூல்ல இருக்கற சிலிக்கான் லேப்ஸ் சிப்புல லைனுக்கு ஏத்த மாதிரி ஹைப்ரிட்டை மாத்திக்க ரெஜிஸ்டர்கள் (செட்டிங் எண்ணை எழுதி வைக்கற இடங்கள்) இருக்கு, இந்த நிரல் ஒவ்வொரு லைனையும் எடுத்து ஒரு சத்தத்தை அனுப்பி எவ்வளவு திரும்பி வருதுன்னு அளந்து அளந்து எது நல்லா ஒத்துப்போகுதோ அதை ஃபைல்ல எழுதி வச்சிடும். லைனுக்கு லைன் சில நிமிஷம் ஆகும், அந்த நேரம் போன் வேலை செய்யாது, நான் ஞாயித்துக்கிழமை செஞ்சேன். பூட் ஆகும்போது அந்த ஃபைலைத் திருப்பி ஏத்தச் சொல்லி ஸ்கிரிப்ட்ல ஒரு வரி போடணும், அதை மறந்துட்டு கரண்ட் போயி வந்ததும் பழைய கதைன்னு புலம்பறவங்களை நெறையப் பாத்திருக்கேன். கூடவே டிரைவர்ல ஓபர்மோடை (எந்த நாட்டு லைன்னு சொல்ற செட்டிங்) இந்தியான்னு வைங்க, டோன் ஜோனையும் இந்தியாவுக்கு மாத்துங்க, அப்பதான் செட் போன்ல வர்ற டயல் டோன் நம்ம காதுக்குப் பழகின 400 ஹெர்ட்ஸ் டோனா இருக்கும்.

எதிராளி போனை வச்சதைக் கண்டுபுடிக்கறது அடுத்த தலைவலி, இது கார்டோட குறை இல்ல, அனலாக் லைனோட குணமே அது. அவங்க வச்சதும் எக்ஸ்சேஞ்ச் பிஸி டோன் மட்டும்தான் குடுக்கும், மெஷினுக்கு அது ஒரு சத்தம் அவ்வளவுதான், லைன் விடாம புடிச்சுக்கிட்டே இருக்கும், அடுத்த கால் வராது. நம்ம ஊர் பிஸி டோன் முக்கால் செகண்ட் அடிச்சு முக்கால் செகண்ட் நிக்கும், அந்த 750, 750 மில்லிசெகண்ட் கணக்கை ஆஸ்டரிஸ்க்ல பிஸி பேட்டர்ன்ங்கற செட்டிங்ல குடுத்ததும் சரியாப் புடிச்சிடுது. எத்தனை தடவை டோன் கேட்டா லைனை விடணுங்கற எண்ணிக்கையை முதல்ல கம்மியா வச்சேன், ஒரு லாரி டிரைவர் ஹார்ன் அடிச்சிட்டே பேசினதுல கால் கட்டாயிடுச்சு, 6-னு ஏத்தினேன், அப்புறம் பிரச்சனை இல்ல. வச்சதும் லைன் போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ், திரும்பற எக்ஸ்சேஞ்சா இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி, கார்டு அதையும் பாத்துக்கும், அது இன்னும் துல்லியம்.

யாரு கூப்பிடறாங்கங்கற நம்பரும் இதே மாதிரிதான். அமெரிக்கால முதல் மணிக்கும் ரெண்டாவது மணிக்கும் நடுவுல நம்பர் வரும், எங்க லைன்ல மணிக்கு முன்னாடியே போலாரிட்டி ஒரு தடவை மாறி டிடிஎம்எஃப் டோனா (போன்ல பட்டன் அமுக்கினா வர்ற அதே சத்தம்) வந்துடுது. ஆஸ்டரிஸ்க்ல இந்தியாவுக்குன்னே போலாரிட்டி ஐஎன்னு ஒரு ஆப்ஷன் வச்சிருக்காங்க, மாதிரி ஃபைல்லயே இந்தியாவுக்குன்னு எழுதியிருக்கு. அதைப் போட்ட அன்னைக்கு சாயங்காலமே முதலாளி கணக்குப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு, எந்தப் பார்ட்டி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க, யாரு எடுக்கலைன்னு.

போன வருஷம் சித்திரை கடைசில ஒரு கோடை மழை, பயங்கர இடி. மறுநாள் காலைல ரெண்டாவது லைன் சாவு. வெளிய கம்பத்துல சோதிச்சா லைன்ல டயல் டோன் இருக்கு, கார்டுல இல்ல. பிசியை ஆஃப் பண்ணி கார்டைக் கழட்டிப் பாத்தேன், ரெண்டாவது சிவப்பு மாட்யூல்ல ஜாக் பக்கம் ஒரு சின்ன பாகம் கருகி லேசா வெடிச்சிருக்கு, மூக்கு கிட்ட கொண்டுபோனா தீஞ்ச வாசம். பக்கத்து மாட்யூல் ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு. அந்த மாட்யூல்ல லைன் பக்கத்தையும் கம்ப்யூட்டர் பக்கத்தையும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம சின்ன கெப்பாசிட்டர் வழியாத்தான் பிரிச்சு வச்சிருக்காங்க, அந்தப் பிரிவுதான் அன்னைக்கு மத்ததைக் காப்பாத்துச்சுன்னு நான் நம்பறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு மாட்யூல் மட்டும் வரவழைச்சு சொருகினேன், மூணாவது நாள் மூணு லைனும் ஓடுச்சு. எல்லா போர்ட்டும் ஒரே பலகைல ஒட்டியிருக்கற கார்டா இருந்தா மொத்தமாப் போயிருக்கும். மாட்யூலை மட்டும் கம்ப்யூட்டர் ஓடும்போது கழட்டாதீங்க, பவர் வயரையே புடுங்கிட்டு வேலை பாருங்க. அதுக்கப்புறம் லைன் உள்ள வர்ற பெட்டில ஒவ்வொரு ஜோடிக்கும் கேஸ் டியூப் வச்ச சர்ஜ் தடுப்பு மாட்டி நல்ல எர்த்தும் குடுத்துட்டேன், முதல் நாளே செஞ்சிருக்கணும், நீங்களாவது செய்யுங்க.

குறைன்னு சொன்னா முதல்ல பிசிஐ. அந்த ஸ்லாட் இருக்கற மதர்போர்டு இப்ப தேடித்தான் கண்டுபுடிக்கணும், எங்க ஆபீஸ்ல ஒரு பழைய கோர் 2 டுயோ இருந்துச்சு, அது போதும் போதும்னு ஓடுது. ஸ்லாட் இல்லாதவங்களுக்கு இதே கார்டோட பிசிஐ எக்ஸ்பிரஸ் ரகம் ஏஇஎக்ஸ்410 இருக்கு, மாட்யூலும் அதேதான். ரெண்டாவது, விர்ச்சுவல் மெஷின்ல (கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடற இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டணும்னு ஆசைப்பட்டீங்கன்னா கார்டை உள்ள தள்றது பெரிய ரோதனை, தனி பெட்டி வச்சுக்கறது நல்லது. மூணாவது, கரண்ட் போயி யூபிஎஸும் தீந்துட்டா மூணு லைனும் ஊமை, லைனை நேரா ஒரு போனுக்குத் திருப்பி விடற ரிலே இந்தக் கார்டுல கிடையாது. அதனால ஒரு லைன்ல மட்டும் கார்டுக்கு முன்னாடியே ஒரு சாதா போனை சுவிட்ச் வச்சு மாட்டியிருக்கேன்.

வாங்கும்போது டிடிஎம்400பி-யோட குழப்பிக்காதீங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும், மேல அதே சிவப்பு பச்சை. 400-க்கு எக்கோ குட்டி போர்டு மாட்ட இடமே இல்ல, இன்டரப்ட் (கார்டு ப்ராசசரைத் தட்டிக் கூப்பிடறது) தகராறும் ஜாஸ்தி, செகண்டுக்கு 1000 தடவை ப்ராசசரைக் கூப்பிடும், அந்த இன்டரப்ட் லைனை நெட்வொர்க் கார்டோட பங்கு போட்டுக்கிட்டா பேச்சு நடுவுல கடக் கடக்குன்னு சத்தம் வரும். டாடியோட 3-வது வரிசைல 400-ஓட டிரைவரையே எடுத்துட்டாங்க, 410 ஓடற டிரைவர் இன்னும் இருக்கு. 2018-ல டிஜியம் கம்பெனியை சங்கோமாங்கற கம்பெனி வாங்கிடுச்சு, 410 இப்ப பழைய மாடல், அதனால கிடைக்கறது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான்.

ஒரே ஒரு லைன் இருக்கறவங்க இவ்வளவு தூரம் வரவே வேண்டாம், கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி813 மாதிரி ஒரு லைன் ஒரு போன் இருக்கற சின்னப் பெட்டி போதும். மூணு நாலு லைன், விடாம பேச்சு, நம்பரை விட முடியாது, லைனும் அவ்வளவு நல்லா இல்லைன்னா இந்தக் கார்டு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறப்ப லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டர் கையோட எடுத்துட்டுப் போங்க, கடையிலயே சொருகி டிரைவரை லோட் பண்ணி நாலு மாட்யூலும் பேர் சொல்லுதா, எக்கோ போர்டு இருக்குன்னு லாக்ல வருதான்னு பாருங்க, டாடி டெஸ்ட்ங்கற நிரலை (கார்டோட நேரக் கணக்கு துல்லியமான்னு பாக்கறது) ஓட்டி 99.98 சதவீதத்துக்கு மேல நிக்குதான்னு ரெண்டு நிமிஷம் நின்னு பாத்துட்டுக் காசு குடுங்க. முடிஞ்சா ஒரு சிவப்பு மாட்யூல் கூடுதலா வாங்கிக்கங்க, எங்களோடது முதலாளி மேசை டிராயர்ல பில் புக்குக்கு அடியில ஆன்டிஸ்டாட்டிக் கவர்ல இருக்கு, அடுத்த சித்திரைக்கு.